தடித்த டயர் மின்சார சைக்கிள்: வாங்குமுன் சில கேள்விகள்

கேள்வி: ஒத்தக்கடையிலிருந்து தினமும் மதுரைக்குள் வேலைக்குச் செல்கிறேன். விடுமுறை நாட்களில் யானைமலை அடிவாரத்து மண்பாதைகளில் ஓட்ட ஆசை. நான்கு அங்குல டயர் கொண்ட மின்சார மலை சைக்கிள் எனக்கு ஏற்றதா?

பதில்: பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்பதால் வேண்டாம் என்றே சொல்வேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்வரை தடித்த டயரின் இழுவை தெரியாது. பேட்டரி தீர்ந்த பிறகுதான் முப்பது கிலோ வண்டியை மிதிப்பதன் சிரமம் புரியும். 48 வோல்ட், 13 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 624 வாட்-மணி மின்சாரமே. இவ்வகை வண்டி கிலோமீட்டருக்கு 15 முதல் 20 வாட்-மணி வரை எடுத்துக்கொண்டால், 30 முதல் 40 கிலோமீட்டர்தான் ஓடும். அடிவாரத்து மண்பாதைக்கு 2.2 அல்லது 2.4 அங்குல டயரும் முன்பக்க சஸ்பென்ஷனும் போதும். கடையில் மோட்டாரை அணைத்துவிட்டுச் சிறிது தூரம் மிதித்துப் பாருங்கள். வீட்டில் மாடிப்படி ஏற்ற வேண்டியிருந்தால், தூக்கியும் பாருங்கள்.

கேள்வி: சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புக்குச் செல்லும் வழியெல்லாம் மணல். சாதாரண சைக்கிள் புதைந்துவிடுகிறது.

பதில்: உங்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். காற்றைக் குறைக்கும்போது டயர் அகலமாகப் படிந்து, எடை பரவுவதால் சக்கரம் புதைவதில்லை. காற்றழுத்தத்தை மணலில் 6 முதல் 10 பி.எஸ்.ஐ., தார்ச்சாலையில் 20 வரை வைக்கலாம். இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சாதாரண பம்பின் மீட்டர் சரியாகக் காட்டாது. அதற்கென்று உள்ள அளவுமானியை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் ஓடுமா?

பதில்: ஓடாது. ஈரக் கரிசல் டயரில் அப்பி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: உசிலம்பட்டியில் சீமைக்கருவேல முள் தொல்லை. தடித்த டயர் பஞ்சராகாது என்கிறார்களே?

பதில்: ஆகும், அகலம் கூடுவதால் முள்ளின் மீது ஏறும் வாய்ப்பும் கூடுகிறது. பின்சக்கரத்தில் மோட்டார் இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. டயரின் ஒரு விளிம்பை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டு போடலாம். டியூபைத் திரும்ப நுழைக்குமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து வாருங்கள். ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும் முள்நுனி துணியில் சிக்கும். அதை எடுக்காவிட்டால் ஒட்டு போட்ட டியூபும் உடனே பஞ்சராகிவிடும். நான்கு அங்குல டியூப் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது என்பதால் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

கேள்வி: 750 வாட் வண்டிக்கு உரிமம் தேவையில்லை என்கிறார் விற்பனையாளர்.

பதில்: நம்ப வேண்டாம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் விலக்கு உண்டு. அதைத் தாண்டினால், பெடல் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே. பதிவும் ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் தேவை.

கேள்வி: சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடுமா?

பதில்: மோட்டார் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் மோட்டாருக்குக் கியரின் உதவி கிடைக்காது. ஏற்றத்தில் மெதுவாகச் சுழலும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். பெடல் அச்சில் அமைந்த மோட்டார் கியர் வழியாக இழுப்பதால் நிதானமாக ஏறும், ஆனால் விலை அதிகம். இறங்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்: வண்டியின் கனம் முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும் என்பதால், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இல்லாத வண்டியில் அந்த மலைக்குப் போகாதீர்கள்.