7 இரவில் 1,850 கிலோமீட்டர் வேண்டாம்

கேள்வி (திருப்பூர் வாசகர்): மே கடைசியில் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போகிறோமுங்க. நான், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அவர்களுடைய அப்பாரு, ஆத்தா (தாத்தா, பாட்டி). மொத்தம் 6 பேர், 7 இரவு. வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டுவேன். டிராவல்ஸில் போட்டுக் கொடுத்த திட்டம்: மதியம் எடின்பரோவில் இறங்கி அன்றே இன்வெர்னெஸ், மறுநாள் வடகிழக்குக் கோடியில் உள்ள ஜான் ஓ க்ரோட்ஸ் போய்த் திரும்புவது, 3ஆம் நாள் ஸ்கை தீவு, 4ஆம் நாள் க்ளென்கோ வழியாக ஓபன், 5ஆம் நாள் இங்கிலாந்தில் விண்டர்மியர், 6ஆம் நாள் காட்ஸ்வோல்ட்ஸ், பிறகு லண்டனில் காரை விட்டுவிட்டு விமானம். முழுப் பணத்தையும் இந்த வாரம் கட்டினால் சலுகை என்கிறார்கள். விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கட்டலாமுங்களா?

பதில்: கட்டாதீர்கள். விசா கையில் வருவதற்கு முன்னால் திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்டக் கூடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் திட்டமேதான். ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். சுமார் 1,850 கிலோமீட்டர் வருகிறது. மேப் காட்டும் நேரத்தை மட்டும் கூட்டினாலே 26 மணி நேரம் வண்டிக்குள் போகிறது. பெட்ரோல், சாப்பாடு, ஆத்தாவுக்குக் கழிப்பறை, சின்னவனுக்கு வாந்தி, வழி தவறுவது எதுவும் இதில் சேரவில்லை. ஓட்டுநரும் நீங்கள் ஒருவர்தான்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் கிலோமீட்டரை வைத்து நாளைக் கணக்குப் போட முடியாது. நமக்கே தெரிந்த விஷயம்தான் இது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர்தான், ஆனால் 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ச் சேர்வதற்குள் இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். அதே தூரத்தைச் சேலம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுவோம். அங்கே நம் அளவுக்கு வளைவுகள் இல்லை என்றாலும், ஏ82, ஏ87 போன்ற முக்கியச் சாலைகளே பெரும்பாலும் இருவழிதான். முன்னால் ஒரு கேரவன் போனால் அதன் பின்னாலேயே போக வேண்டும். மேப் சொல்லும் நேரத்தோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கும் வண்டியில் மேப் கணக்குக்கு ஒரு நாளில் 3 மணி நேரம், மிஞ்சினால் 4 மணி நேரம். அதற்கு மேல் போட வேண்டாம்.

முதல் நாளைத்தான் நான் மிகவும் பயந்து பார்க்கிறேன். திருப்பூரில் வீட்டைப் பூட்டிக் கொச்சிக்கோ சென்னைக்கோ போய், வளைகுடாவில் விமானம் மாறி, எடின்பரோவில் இறங்கும்போது ஏறக்குறைய ஒரு முழு நாள் சரியான தூக்கம் இல்லாமல் இருப்பீர்கள். கோடையில் அங்கே நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மாலை 5 மணிக்கு நீங்கள் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது உடம்புக்கு இரவு 9.30. அந்த நிலையில் புது நாட்டில் புது வண்டியில் 250 கிலோமீட்டர் ஓட்டச் சொல்லும் திட்டத்தை வீட்டில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது.

நான் மாற்றிப் போட்டால் இப்படிப் போடுவேன். இறங்குவதும் ஏறுவதும் எடின்பரோவாகவே இருக்கட்டும். ஓர் ஊரில் எடுத்த காரை வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் போடுவார்கள்; அது மிச்சம். முதல் 2 இரவு எடின்பரோவில், கார் இல்லாமல். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் டிராம் போகிறது. நகரில் கார் வைத்திருந்தால் பார்க்கிங்குக்குத்தான் பணம் போகும். கோட்டை, ராயல் மைல், பூங்கா என்று பெரியவர்கள் கால் நீட்டித் தூங்கி எழுந்து பார்க்கட்டும்.

3ஆம் நாள் காலை விமான நிலையம் போய்க் காரை எடுங்கள். ஸ்டிர்லிங், கேலண்டர், டின்ட்ரம் வழியாக ரானக் மூர் என்ற பரந்த ஈரச் சமவெளியைத் தாண்டி க்ளென்கோ பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் ஃபோர்ட் வில்லியம். சுமார் 210 கிலோமீட்டர், மேப் கணக்கில் 3 மணி நேரம். ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையே பார்க்க வேண்டிய இடம்தான். ஃபோர்ட் வில்லியம் பக்கம் 2 இரவு. பக்கத்தில் 25 கிலோமீட்டரில் க்ளென்ஃபினன். 21 வளைவுகள் கொண்ட கான்கிரீட் ரயில் பாலத்தின் மேல் கோடையில் நீராவி ரயில் போவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். ரயில் வரும் நேரத்தை முன்கூட்டிப் பார்த்துவிட்டு, கார் நிறுத்த இடம் கிடைக்கும்படி நன்றாக முன்னாலேயே போய்விடுங்கள்.

5ஆம் நாள் ஸ்கை. லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் நெஸ்ஸி பூதத்தைப் பற்றிப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். அதற்காக இன்வெர்னெஸ் வரை போக வேண்டியதில்லை. வழியில் ஃபோர்ட் அகஸ்டஸில் அந்த ஏரியின் தென்முனை இருக்கிறது, கால்வாயில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகளில் படகு ஏறி இறங்குவதையும் பார்க்கலாம். பிறகு இன்வெர்மோரிஸ்டன், ஐலன் டோனன் கோட்டை, ஸ்கை பாலம். பாலத்துக்கு 2004 முதல் சுங்கம் கிடையாது. ஸ்கையில் 2 இரவு. நடுவில் கிடைக்கும் ஒரு முழு நாளுக்கு வடக்குச் சுற்று ஒன்று போதும். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூணுக்கு ஏறும் பாதை செங்குத்து; நீங்களும் பெரிய பிள்ளையும் ஏறலாம். கில்ட் ராக் அருவியைக் கார் நிறுத்துமிடத்தின் பக்கத்திலிருந்தே அப்பாரும் ஆத்தாவும் பார்த்துவிடலாம். ஃபேரி பூல்ஸ் என்ற நீர்க்குட்டங்கள் இருப்பது தீவின் இன்னொரு பக்கம். அதையும் அதே நாளில் நுழைக்க வேண்டாம். கடைசி இரவு பிட்லோக்ரி. ஸ்கையிலிருந்து அது சுமார் 250 கிலோமீட்டர், இந்தத் திட்டத்தில் நீளமான நாள் இதுதான். அங்கிருந்து மறுநாள் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

ஜான் ஓ க்ரோட்ஸை எடுத்துவிட்டேன். போக வர 380 கிலோமீட்டர் ஓட்டி ஒரு வழிகாட்டிப் பலகை முன் படம் எடுப்பதற்கு அந்த நாளைத் தர வேண்டுமா? விண்டர்மியரும் காட்ஸ்வோல்ட்ஸும் அருமையான இடங்கள். அவை இன்னொரு பயணம்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். '7 சீட்டர்' என்று பார்த்து வாங்கிவிடாதீர்கள். மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்னால் இரண்டு கைப்பெட்டிதான் நிற்கும். 6 பேர், 6 பெட்டி என்றால் 9 சீட் வேன் கேளுங்கள், அல்லது பெட்டியைப் பாதியாகக் குறையுங்கள். 12 வயது முடியும் வரையோ 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை, பிள்ளைகளுக்குத் தனி இருக்கை அங்கே சட்டம். சின்னவனுக்கு நிச்சயம் வேண்டும். பெரியவரை அளந்து பாருங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடகை நாள் என்பது 24 மணி நேரம். காலை 10 மணிக்கு எடுத்த வண்டியை 12 மணிக்குக் கொடுத்தால் இன்னொரு நாள் வாடகை போடலாம்.

தங்குமிடம்: பெரியவர்கள் சைவம் என்றால் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். சின்ன ஊர்களில் உணவகச் சமையலறை இரவு 8, 9 மணிக்கே மூடிவிடும். ஸ்காட்லாந்தில் இப்படி வாடகைக்கு விடும் வீடுகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம், விளம்பரத்திலேயே உரிம எண் இருக்க வேண்டும். எண் இல்லாத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம் வாசகி): என் கணவருக்கு 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' வாங்க ஒரு இணையதளத்தில் பார்த்தேன். 10 வருஷம் செல்லும், வீட்டுக்கே வரும் என்று போட்டிருந்தது. வாங்கலாமா? நம் லைசென்ஸை வைத்தே அங்கே ஓட்ட முடியாதா?

பதில்: வாங்காதீர்கள். நம் நாட்டு உரிமத்துக்குச் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் தருவது ஆர்.டி.ஓ. அலுவலகம்தான். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட் நகல். ஒரு வருடம் செல்லும். விண்ணப்பத்தை அரசின் பரிவாகன் தளத்திலேயே தொடங்கலாம். 10 வருடம் என்று எவர் சொன்னாலும் அது வெறும் அட்டை.

பிரிட்டனில் சுற்றுலாவாக வந்தவர் செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு 12 மாதம் வரை கார் ஓட்டலாம். நம் அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால் சட்டப்படி பெர்மிட் இல்லாமலும் முடியும். ஆனால் சில வாடகை நிறுவனங்கள் கவுன்டரில் கேட்கும். 1,000 ரூபாய்க்காக அங்கே போய் நிற்க வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். அசல் உரிம அட்டையும் கூடவே வேண்டும். போனில் உள்ள டிஜிலாக்கர் படத்தை நம்பிப் போகாதீர்கள். எல்.எல்.ஆர். அங்கே செல்லாது.

கேள்வி (கரூர் வாசகர்): டிராவல்ஸ் பில்லில் டி.சி.எஸ். என்று பெரிய தொகை இருக்கிறது. இது போன பணம்தானா?

பதில்: இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு உங்கள் பான் எண்ணில் வசூலித்துக் கட்டும் வருமான வரி அது. வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்பவும் பெறலாம். பில்லை வீட்டில் வரிக் கணக்குத் தாக்கல் செய்பவருடைய பான் எண்ணில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): நான் 20 வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். அங்கேயும் இடது பக்கம்தானே, என்ன பெரிய வித்தியாசம்?

பதில்: இடது பக்கம் என்பது பெரிய சௌகரியம்தான். வித்தியாசம் ஒற்றைத்தடச் சாலையில் வரும். ஸ்கையின் உள்பகுதியில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலத்தில் தார் போட்டிருப்பார்கள், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் சின்னதாக அகலப்படுத்திப் பலகை வைத்திருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், அந்த இடம் உங்கள் இடது பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலது பக்கம் இருந்தால் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிர்வண்டி அதற்குள் வளைந்து கடந்து போகும். பின்னால் உள்ளூர்க்காரர் வேகமாக வந்தாலும் அதே இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். அங்கே நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. ஹார்ன், ஹெட்லைட் அடித்து அவசரப்படுத்துவது வேண்டவே வேண்டாம்.

வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட பலகையைப் பார்த்தால் இருவழிச் சாலையில் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர். அது உச்சவரம்பு மட்டுமே; ஒற்றைத்தடத்தில் அதில் பாதி வேகமே அதிகம். ஏ9 சாலையில் சராசரி வேகக் கேமரா இருக்கிறது. கேமராவைப் பார்த்ததும் பிரேக் போடுவது உதவாது, இரண்டு கேமராவுக்கு இடையே எடுத்த நேரத்தைத்தான் அது கணக்கிடும். அபராத நோட்டீஸ் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு அதற்கும் ஒரு கட்டணத்தைக் கார்டில் எடுப்பார்கள்.

பங்கில் ஆள் வந்து போட மாட்டார், நாமே போட வேண்டும். பெட்ரோல் குழாய்க் கைப்பிடி பச்சை, டீசல் கறுப்பு. மூடியைத் திறந்ததும் உள்ளே எந்த எரிபொருள் என்று ஒட்டியிருக்கும், ஒருமுறை படித்துவிட்டுக் குழாயை எடுங்கள். மாற்றிப் போட்டுவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இந்தச் செலவைப் பெரும்பாலான காப்பீடுகள் தருவதில்லை.

கேள்வி (ஈரோடு வாசகர்): ஆன்லைனில் வாடகை முழுவதையும் கட்டிவிட்டேன், காப்பீடும் உண்டு என்று போட்டிருக்கிறது. கவுன்டரில் வேறு எதற்குப் பணம் கேட்பார்கள்?

பதில்: டெபாசிட்டுக்கு. வாடகையில் சேர்ந்து வரும் காப்பீட்டில் முதல் 1,000 அல்லது 1,500 பவுண்டு வரை சேதம் உங்கள் தலையில்தான் என்பது வழக்கமான ஷரத்து. அந்தத் தொகையையோ அதில் ஒரு பகுதியையோ கார்டில் பிடித்து வைப்பார்கள். கார்டு ஓட்டுநர் பெயரிலேயே, பெரும்பாலும் கிரெடிட் கார்டாகவே இருக்க வேண்டும். மனைவி பெயரில் உள்ள கார்டைக் கொடுத்து வண்டி கிடைக்காமல் நிற்பவர்கள் உண்டு. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பு போதுமா என்றும் பாருங்கள்.

கவுன்டரில் கூடுதல் காப்பீடு எடுக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி இவை உங்கள் காப்பீட்டில் சேர்ந்திருக்கின்றனவா என்று பதிவுத் தாளை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். ஸ்கை பக்கம் போகிறவருக்கு டயரும் கண்ணாடியும் முக்கியம். சாவியை வாங்கியதும் நான்கு பக்கமும், சக்கர விளிம்பும், எரிபொருள் முள்ளும் தெரியும்படி வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல எடுங்கள்.

கார்டு மெஷினில் 'ரூபாயா, பவுண்டா' என்று கேட்டால் பவுண்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அந்தக் கடைக்காரரின் மாற்று விகிதம் விழும், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். திரையில் பவுண்டு தொகை வந்த பிறகே பின் நம்பரை அழுத்துங்கள்.