இரண்டாவது நெட்வொர்க் கார்டு: பழுதா, பெயர் மாற்றமா?

கேள்வி: கடையில் லினக்ஸ் போட்ட கணினி ஒன்றை இணையத்துக்கும் கடைக் கணினிகளுக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வாலாக வைத்திருக்கிறேன். மதர்போர்டில் உள்ள போர்ட்டில் இணையம் வருகிறது. பில் போடும் கணினிகளுக்காக இன்னொரு நெட்வொர்க் கார்டு வாங்கிப் பொருத்தியதும் இணையம் நின்றுவிட்டது. கழற்றினால் பழையபடி வருகிறது. கார்டு பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கார்டு நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மாறியது, லினக்ஸ் அந்தப் போர்ட்டுக்கு வைத்த பெயராக இருக்கும்.

முன்பு லினக்ஸ் தான் கண்டுபிடித்த வரிசையில் ஈத்0, ஈத்1 என்று பெயர் வைத்தது. டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கியதும் அந்த வரிசையை நம்ப முடியாமல் போயிற்று. நேற்று ஈத்0 ஆக இருந்தது இன்று ஈத்1 ஆகிவிடும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடம் மாறினால் ஃபயர்வாலின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதனால், லினக்ஸ் எழும்போது மற்றவற்றைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின், 2013 ஜனவரியில் வந்த 197ஆம் பதிப்பிலிருந்து, கார்டு எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதை வைத்துப் பெயரிடும் முறை வந்தது. கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ், மதர்போர்டு போர்ட்டுக்கு எண் கொடுத்திருந்தால் இஎன்ஓ1. இல்லையென்றால் கார்டுகள் செருகும் பிசிஐ தடத்தின் (பஸ்) எண்ணை வைத்து இஎன்பி3எஸ்0; அதாவது மூன்றாம் பஸ், பூஜ்யம் என்ற இடம்.

சிக்கல் அந்தப் பஸ் எண்ணில்தான் இருக்கிறது. அது மதர்போர்டில் அச்சடித்த எண் அல்ல. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் புதிதாக எண்ணப்படுவது. பல மதர்போர்டுகள் காலியான ஸ்லாட்டை மறைத்துவிடுகின்றன. அதில் கார்டு ஏறியதும் அதற்கும் ஓர் எண் போய்விடுகிறது. பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகின்றன. உங்கள் பழைய போர்ட் இஎன்பி3எஸ்0 ஆக இருந்தால் இப்போது இஎன்பி4எஸ்0 ஆகியிருக்கும். பழைய பெயரே புதிய கார்டுக்குப் போயிருக்கவும் கூடும். அமைப்புக் கோப்போ இன்னும் இஎன்பி3எஸ்0-ஐத்தான் தேடுகிறது.

‘ஐபி லிங்க்’ கட்டளை கொடுத்து இப்போதைய பெயர்களைப் பாருங்கள். எந்தப் பெயர் எந்தத் துளை என்று குழம்பினால் ‘ஈத்டூல்’ கட்டளையில் ‘-பி’ சேர்த்துக் கொடுங்கள். பல கார்டுகளில் அந்தத் துளையின் விளக்கு மினுக்கும். பிறகு சிஸ்டம்டி பெயர் வைக்கப் பார்க்கும் லிங்க் கோப்பில், இந்த மேக் முகவரிக்கு (கார்டுக்கே உரிய அடையாள எண்) இந்தப் பெயர் என்று எழுதி வைத்துவிடுங்கள். அமைப்புக் கோப்பிலும் அதே பெயரைப் போடுங்கள். உள், வெளி என்று பொருள்படும் பெயரை ஆங்கில எழுத்தில், 15 எழுத்துகளுக்குள் வையுங்கள். ஈத்0 என்று மட்டும் வைக்காதீர்கள். லினக்ஸின் மையமான கெர்னல் தானாக வைக்கும் பெயரோடு அது மோதும். மேக் முகவரி பெரும்பாலும் கார்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வேறு. பிசிஐ சாதனங்களைக் காட்டும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையின் பட்டியலில் கார்டு வந்து, பெயர் மட்டும் வராமல் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் குறைதான், 2.5 ஜிகாபிட் சிப்புகள் பழைய கெர்னலில் இப்படித்தான் முழிக்கும். பட்டியலிலேயே வரவில்லையென்றால் வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 டிஸ்க் பொருத்தினால் ஒரு ஸ்லாட் அணைந்துவிடும். வேறு கணினியிலும் பட்டியலில் வராவிட்டால் கடைக்காரரிடம் தயங்காமல் பணத்தைக் கேளுங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு என் யோசனை: தனித்தனியாக இரண்டு கார்டு வாங்குவதைவிட, இன்டெல் ஐ350-டி2 போல இரண்டு போர்ட் உள்ள ஒரே கார்டை வாங்குங்கள். பெயரின் கடைசியில் எஃப்0, எஃப்1 என்று வரும். பஸ் எண் மாறினாலும் இரண்டும் சேர்ந்தே மாறும், முன்பின் குழம்பாது. ஆனால் இந்த வகையில் போலிகள் நிறைய உலவுகின்றன. ‘எல்எஸ்பிசிஐ’ பட்டியலில் 8086 என்ற எண் வருவது சிப் தன்னை இன்டெல் என்று சொல்லிக்கொள்வதற்கு மட்டுமே அடையாளம். கார்டை இன்டெல்தான் தயாரித்தது என்பதற்கு அது சான்று ஆகாது.

கேள்வி: புதிது என்று வாங்கிய விண்டோஸ் கணினியில், ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட் இருந்தும் ‘ஈதர்நெட் 3’ என்று காட்டுகிறது. பயன்படுத்திய கணினியை விற்றுவிட்டார்களா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. விண்டோஸ் ஒருமுறை பார்த்த கார்டை மறப்பதில்லை. கழற்றிய பிறகும் அதன் பெயரைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்து வருவது 2, 3 என்று எண் பெறும். கார்டு ஸ்லாட் மாறினாலும், விபிஎன் அல்லது ஹைப்பர்-வி போன்ற மென்பொருள் தன் பங்குக்கு ஒரு மெய்நிகர் கார்டை உருவாக்கினாலும் இதே கதைதான்.

டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் பழையவை மங்கலாகத் தெரியும். அங்கே உங்களிடம் இல்லாத யுஎஸ்பி வைஃபை, பிரிண்டர் எல்லாம் இருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான். அதைவிட உறுதியான சாட்சி, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவு. புதிய கணினியில் அது ஓடிய நேரம் சில மணிகளே இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அதைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: மலிவான யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் இரண்டு வாங்கலாமா?

பதில்: ஒன்று போதுமென்றால் வாங்கலாம். இரண்டு என்றால் யோசியுங்கள். மிக மலிவான சில வகைகளில் எல்லா அடாப்டர்களுக்கும் ஒரே மேக் முகவரியைப் போட்டு அனுப்புகிறார்கள். லினக்ஸின் புதிய முறையில் யுஎஸ்பி அடாப்டர்களுக்கு மேக் முகவரியை வைத்தே பெயரிடும் வழக்கம் பரவலாக உண்டு. முகவரி ஒன்றானால் இரண்டுக்கும் ஒரே பெயரை வைக்கப் பார்த்து மோதும். இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைத்தால் வலையமைப்பே தடுமாறும். விண்டோஸில் இன்னொரு தொல்லை: சீரியல் எண் இல்லாத அடாப்டரை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் அது புதுச் சாதனமாகவே கருதப்படும்; நீங்கள் போட்டு வைத்த ஐபி முகவரி பழைய பெயரோடு தங்கிவிடும். வாங்கிய அன்றே இரண்டையும் செருகி மேக் முகவரிகளை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.