நாலு மாத்திரை என்றால் நாலு வாரம்

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது, கடலில் பாசி எடுக்கப் போகிறவர். உடம்பு வலி என்று ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி 11 என்று வந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை எட்டு வாரம் சாப்பிட்டு முடித்தார். மறுபடி வலி வந்ததும் பழைய அட்டையைக் காட்டிக் கடையில் வாங்கினார். தினம் ஒன்று போடச் சொன்னார்களாம். ஐந்து நாள் ஆகிவிட்டது. கூடவே கால்சியமும் சாப்பிடுகிறார். தொடரலாமா? வெயிலிலேயே கிடக்கிறவருக்கு இந்தக் குறை எப்படி வரும்?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். அது வாரம் ஒன்று போடுகிற மாத்திரை. அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் நாலே மாத்திரைதான் இருக்கும். ஒரு மாதக் கணக்கு அது.

டாக்டர் சொல்லாமல் நாமாகச் சாப்பிடும்போது பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4,000 யூனிட்தான் உச்ச அளவு. அம்மா ஐந்து நாளில் மூன்று லட்சம் யூனிட் சாப்பிட்டிருக்கிறார். இதனால் உடனே பெரிய கேடு வந்துவிடாது, பதற வேண்டாம். ஆனால் ஏற்கெனவே எட்டு மாத்திரை உள்ளே போயிருக்கிறது. இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கும், சீக்கிரம் வெளியேறாது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், தடுமாற்றம், இதில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்வார். பிரஷருக்கு நீர் போகிற மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். அதில் சில வகை கால்சியத்தை இன்னும் ஏற்றும்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, விரலெல்லாம் துணிச்சுற்று. வெயில் தோலில் பட்டால்தானே வைட்டமின்! வயதாக ஆக, தோல் அதைத் தயாரிப்பதும் குறையும். சாளை மாதிரி எண்ணெய் மீனில் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் 11-ல் இருப்பவருக்கு மீன் மட்டும் போதாது.

பழைய அட்டையைக் காட்டி வாங்குவதுதான் இதில் எனக்குப் பிடிக்காத பழக்கம். வலி திரும்பியதற்குக் காரணம் தைராய்டாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், குனிந்து குனிந்து வேலை செய்த இடுப்பாகவும் இருக்கலாம். அடுத்த முறை டாக்டர் எழுதினால், 'வாரம் ஒன்று, ஞாயிறு' என்று அட்டை மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். பில்லும் வாங்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும். தகரக் கூரைக்கடியில் வைத்தால் அந்த ஜெல் மாத்திரை இளகி ஒட்டிக்கொள்ளும். நிழலான அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: ஒரு பெட்டியில் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.', இன்னொன்றில் 'கால்சியம் 500 மி.கி.'. முதலாவது விலை கூடுதல். எது வீரியம்?
– தொண்டி வாசகர்

பதில்: இரண்டும் ஒன்றுதான். 1250 மில்லிகிராம் கார்பனேட்டில் இருக்கிற கால்சியமே 500தான். மலிவானதை வாங்குங்கள்.