முயலின் காதுப் பொருக்கைப் பிய்க்காதீர்கள்

கேள்வி: வீட்டில் இரண்டு முயல்கள் வளர்க்கிறோம். வெள்ளை முயல் ஒரு வாரமாகத் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. காதுக்குள் பழுப்பு நிறத்தில் பொருக்கு. மகள் பட்ஸால் எடுக்கப் போய் ரத்தம் வந்துவிட்டது. அவள் முன்கையிலும் இப்போது அரிப்பு. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து இருக்கிறது, அதை ஊற்றலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஊற்றவே ஊற்றாதீர்கள், அம்மா. நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் பிப்ரோனில் இருக்கிறது. நாய் தாங்கும், முயலுக்கு வலிப்பு வந்து உயிரே போய்விடும். ஏற்கெனவே விட்டிருந்தால் மருந்துப் பெட்டியோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காதுச் சொறி போலத்தான் தெரிகிறது. சோரோப்டிஸ் என்கிற மிகச் சிறிய பூச்சி தோலின் மேலேயே இருந்து, கசியும் நீரை உறிஞ்சிப் பெருகுகிறது. சுட்ட அப்பளத்தை நொறுக்கி அடைத்தது போல அடுக்கடுக்காக இருப்பது வெறும் அழுக்கு இல்லை. பூச்சி, அதன் எச்சம், செத்த தோல் எல்லாம் சேர்ந்த கட்டி அது. அதற்கு அடியில் பச்சைப் புண். அதனால்தான் ரத்தம் வந்தது. மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம், முயலின் மேல் உள்ள பிரியத்தில் செய்திருக்கிறாள். ஊசி போட்ட பிறகு ஒரு வாரம், பத்து நாளில் பொருக்கு தானே உதிர்ந்துவிடும்.

அந்த ஊசி ஐவர்மெக்டின். முயலின் எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை தோலுக்கு அடியில் போடுவார்கள். முட்டையை இந்த மருந்து கொல்லாது. அதனால் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை போட வேண்டியிருக்கும். முதல் ஊசியிலேயே முயல் தெளிந்துவிடும். அதை நம்பி அடுத்ததை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் நோய் திரும்ப வருகிறது. மாட்டுக்கு வாங்கிய மருந்தை நீங்களே போடவும் கூடாது. இரண்டு கிலோ முயலுக்குக் குறைந்த அளவு என்றால் அந்த 1 சதவீத மருந்தில் 0.04 மில்லி. கண்ணால் பார்த்து அளக்கிற அளவா அது?

மகளின் அரிப்புதான் என்னை யோசிக்க வைக்கிறது. காதுப் பூச்சி மனிதரிடம் தங்காது. ஆகவே வேறொன்றும் சேர்ந்திருக்கலாம். முயலின் பிடரியிலும் முதுகிலும் பொடுகு இருக்கிறதா பாருங்கள். ஒரு கறுப்புத் துணியின் மேல் சீப்பால் வாரி விட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடுகு நகர்ந்தால் அது செய்லெட்டியெல்லா என்கிற இன்னொரு வகைப் பூச்சி. மூக்கு, உதடு, கால்விரல்களில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது சார்கோப்டிஸ் வகைச் சொறி. இரண்டும் கையில் அரிப்பைத் தரும். முயல் குணமானால் பெரும்பாலும் அதுவும் அடங்கும். அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு முயலுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அதற்கும் சிகிச்சை வேண்டும். கூண்டையும் விடக்கூடாது, காதுப் பூச்சி வெளியே மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். நம் பக்கம் களத்து வைக்கோலைத்தான் கூண்டில் பரப்புகிறோம். இருப்பதை அகற்றிவிட்டு, கூண்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். முயலைக் குளிப்பாட்ட வேண்டாம், அந்த அதிர்ச்சியே அதற்கு ஆபத்து. கற்பூரம் கரைத்த எண்ணெயும் வேண்டாம். முயல் நக்கிவிடும், கற்பூரம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். நாம் சாப்பிடும் அமாக்சிசிலின் என்கிற கிருமிக்கொல்லி மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக்கூடாது, குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துபோகும். ஆகவே மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

வலியில் முயல் தீனியை விட்டுவிடும். அறுகம்புல்லை முகர்ந்துகூடப் பார்க்காமல், புழுக்கையும் போடாமல் 12 மணி நேரம் கிடந்தால் காத்திருக்காதீர்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் அப்படித்தான், நோய் உள்காதுவரை போயிருக்கலாம். ரத்தம் வந்த காதில் ஈ மொய்க்கும். காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக ஈ முட்டையோ புழுவோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.