பயமே வராத பழைய ஹாமர் பேய்ப்படங்களை ரசிகர்கள் இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

பயம் வராது என்பது உண்மைதான். எனக்கு முதல் தடவை பார்த்தபோதே வரவில்லை. ஆனாலும் மழை பெய்கிற இரவென்றால் கை தானாக அந்த பிரிட்டிஷ் கம்பெனி ஹாமர் எடுத்த ஒரு படத்தைத்தான் தேடுகிறது.

1958இல் வந்த ‘டிராகுலா’ படத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். வெயில் பட்டால் அழிந்துபோகும் ரத்தக்காட்டேரி டிராகுலாவாக வரும் கிறிஸ்டோபர் லீ, அவரை வேட்டையாட வந்த பீட்டர் குஷிங்கின் கழுத்தை நெரிக்கிறார். குஷிங் மயங்கியதுபோல நடித்து உதறித் தள்ளுகிறார். பிறகு நீள மேஜைமேல் ஏறி ஓடி, ஒரே தாவாகத் தாவி, ஜன்னல் திரையைப் பிய்த்து இழுக்கிறார். வெயில் உள்ளே கொட்டுகிறது. டிராகுலாவின் கால் பொடியாகிறது. அப்புறம் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே வைத்துச் சிலுவையாகப் பிடிக்கிறார். அந்த மெழுகுவர்த்தித் தண்டு யோசனை குஷிங்குடையது. சட்டை கலைந்து மூச்சு வாங்க நிற்கும் அந்த மனிதரைப் பார்க்கத்தான் நான் இருபதாவது தடவையும் உட்காருகிறேன்.

இதே காட்சியில் அன்றைய பிரிட்டிஷ் தணிக்கையில் வெட்டுப்பட்ட துண்டுகள் உண்டு. அரை நூற்றாண்டு கழித்து, 2011இல், டோக்கியோவில் கிடந்த ஜப்பானியப் பிரதியில் அவை கிடைத்தன. லீ தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் சில விநாடிகள், அவ்வளவுதான். அதற்கே ரசிகர்கள் திருவிழாவாக்கிவிட்டார்கள்.

கம்பெனியிடம் காசு கம்மி. தேம்ஸ் நதிக்கரையில், பிரே என்ற ஊர்ப்பக்கம் ஒரு பழைய பங்களாவையே ஸ்டூடியோவாக்கிப் படம் எடுத்தார்கள். கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சன் ஒரே செட்டுக்குப் புது வண்ணம் பூசி, தூணை நகர்த்தி, அடுத்த படத்துக்குத் தயார் செய்துவிடுவார். 1966இல் லீ டிராகுலாவாக நடமாடிய கோட்டை, அதே வருஷம் அதே லீ நடித்த ரஸ்புடின் படத்தில் ரஷ்யாவாகிவிட்டது. (அந்த டிராகுலா படத்தில் லீக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது, வெறும் சீறல்தான்.) நள்ளிரவு என்பார்கள், குதிரை வண்டியின் நிழல் பட்டப்பகல் வெயிலில் விழுவதுபோலத் தரையில் பளிச்சென்று விழும்.

இதெல்லாம் குறையில்லையா என்றால், குறைதான். ஆனால் அந்தக் குறை பழகிப்போய், தாத்தா வீட்டுக் கிறீச்சிடும் கதவு மாதிரி ஆகிவிட்டது. 70களில் வந்தவற்றில் பலதும் எனக்குப் பிடிக்காது. அவற்றில் அவசரம் தெரியும்.

முகங்களும் அப்படித்தான். மைக்கேல் ரிப்பர் என்று ஒரு துணை நடிகர். ஒரு படத்தில் வண்டிக்காரர், இன்னொன்றில் போலீஸ்காரர், மற்றொன்றில் சத்திரக்காரர். அவர் தலை தெரிந்ததும் ஊர்க்காரரைச் சந்தையில் பார்த்த சந்தோஷம். பேய்ப்படம் என்றாலே எழுந்து போய்விடும் என் மனைவிகூட இப்போது சமையலறையிலிருந்து கேட்கிறாள்: “என்ன, உங்க சத்திரக்காரர் வந்தாச்சா?”