இரண்டு சதவீதம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டு சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது இலக்கு என்றது 2003 அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை. பத்து வருடம் கழித்து வந்த 2013 கொள்கையும் அதையே சொன்னது. 2020-21ல் நாம் நின்றது 0.64 சதவீதத்தில். இரண்டு கொள்கையும் தோற்றுவிட்டன என்று சொல்ல இதற்கு மேல் என்ன மதிப்பீடு வேண்டும்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கணக்கு சரிதான். ஆனால் அது செலவுக் கணக்கு. கல்யாணச் செலவை வைத்துத் தம்பதி எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று சொல்ல முடியுமா? அந்தச் செலவையே ரூபாயில் பார்த்தால் 2010-11ல் சுமார் 60,197 கோடி, 2020-21ல் 1,27,381 கோடி. இரட்டிப்பாகிவிட்டது என்று அமைச்சகம் மார்தட்டிக்கொள்ளலாம், அதுவும் பொய்யில்லை. 2020க்குள் உலகின் முதல் ஐந்து அறிவியல் வல்லரசுகளில் ஒன்றாவோம் என்றும் 2013 கொள்கை சொன்னது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் இன்று நாம் மூன்றாம் இடம். வெற்றி என்று எழுதிவிடலாமா?

உங்கள் இரண்டு சதவீதம் முழுக்க அரசின் கையிலும் இல்லை. தென்கொரியாவில் ஆராய்ச்சிச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் கம்பெனிகளுடையது. இங்கே மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அவர்களை இழுக்கத்தான் வருமான வரிச் சட்டம் 35(2ஏபி) பிரிவு: சொந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நூறு ரூபாய் செலவழித்தால் வரி போடும் வருமானத்தில் இருநூறு ரூபாய் கழித்துக்கொள்ளலாம் என்று 2017 வரை இருந்தது. நான் கேட்க நினைப்பது இதைத்தான். சலுகை இல்லாவிட்டாலும் கம்பெனிகள் அந்த நூறு ரூபாயைச் செலவழித்திருக்குமா? ஆம் என்றால், நாம் விட்டுக்கொடுத்த வரி வீண்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பிரிட்டனில் நெஸ்டா என்ற அமைப்பு 2009ல் மான்செஸ்டர் வட்டாரத்தில் ஒரு திட்டம் நடத்தியது. வடிவமைப்பு, விளம்பரம் போன்ற படைப்புத்துறை நிறுவனங்களிடம் வேலை வாங்க, சிறு நிறுவனங்களுக்கு 4,000 பவுண்டு கூப்பன். விண்ணப்பித்தவர்களில் யாருக்கு என்று குலுக்கல் போட்டார்கள். 150 பேருக்கு விழுந்தது, விழாதவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க. ஆறு மாதத்தில் கூப்பன் கிடைத்தவர்கள் புதுமை செய்வதில் முன்னால் நின்றார்கள். நம் அறிக்கைகள் அந்த இடத்தில் அச்சுக்குப் போய்விடும். அவர்கள் ஒரு வருடம் முடிந்ததும் மறுபடி போய்க் கேட்டார்கள். இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

குலுக்கலில் மானியம் என்றால் இங்கே ஊழல் என்பார்கள். மார்க் போட்டுக் கொடுத்தால்தான் நியாயமாம். ஆனால் மார்க் போட்டுப் பொறுக்கிய கம்பெனி வளர்ந்தால், மானியத்தால் வளர்ந்ததா, முன்பே கெட்டிக்காரக் கம்பெனி என்பதாலா?

35(2ஏபி)க்கு அந்தச் சிக்கல்கூட அவ்வளவாக இல்லை. கழிவு இருநூறிலிருந்து 2017-18ல் நூற்றைம்பதானது, 2020-21ல் நூறானது. அதே கம்பெனிகள் அதற்குப் பிறகு ஆராய்ச்சிச் செலவைக் குறைத்தனவா? கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அரசுத் துறையான டி.எஸ்.ஐ.ஆருக்கு அவர்களின் கணக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருந்தது. கோப்பை எடுத்து முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் முதல் விடை கிடைத்துவிடும்.