நாலரை அங்குலச் சுவர்தானே, இடிக்கலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் பத்து மாடிக் குடியிருப்பில் எங்கள் பிளாட். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன் போடலாம் என்கிறார் இன்டீரியர்காரர். "நாலரை அங்குலச் சுவர், வெயிட் தாங்காது" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் பேச்சை மட்டும் நம்பி இடிக்க விடாதீர்கள். தூணும் பீமும் போட்டுக் கட்டிய கட்டடத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் வெறும் தடுப்புதான், எடுக்கலாம். ஒன்பது அங்குலமென்றால் இன்ஜினியர் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

ஆனால் உங்களுடையது பத்து மாடி. இப்போது உயரமான குடியிருப்புகள் பலவற்றை 'மிவான்' முறையில் கட்டுகிறார்கள். அலுமினிய அச்சு வைத்து, சுவரையும் மேல்தளத்தையும் சேர்த்தே கான்கிரீட் போட்டுவிடுவார்கள். அங்கே தனியாகத் தூண் தெரியாது, சுவர்தான் பாரம் தாங்கும். பார்க்க ஒல்லியாக இருக்கும். மேல் வீடுகளின் எடை அதன் வழியாகத்தான் கீழே இறங்கும். நாலரை, ஒன்பது என்ற கணக்கு அங்கே செல்லாது. வயரோ பைப்போ ஓடாத இடத்தில், இரண்டு மூன்று புள்ளிகளில் டிரில் போடச் சொல்லுங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். மாவு மாதிரி வெளிர்தூள் வந்து டிரில் சுலபமாக இறங்கினால் ஏஏசி பிளாக் எனும் லேசான தடுப்புக் கல். சாம்பல் தூள் வந்து டிரில் திணறினால் கான்கிரீட். அத்தோடு ஓப்பன் கிச்சன் ஆசையை விட்டுவிடுங்கள். மேல்பூச்சும் சாம்பலாகத்தான் கொட்டும், அதைத் தாண்டிய பிறகு வரும் தூளைத்தான் பார்க்க வேண்டும்.

செங்கல்லே என்றாலும், தூண், பீம், கம்பி எங்கே என்று காட்டும் ஸ்ட்ரக்சரல் டிராயிங்கைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் சி.எம்.டி.ஏ. ஒப்புதல் பிளானைப் பார்த்து பீமையும் கம்பியையும் முடிவு செய்ய முடியாது. கட்டட ஆவணங்களையும் வரைபடங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பது பில்டரின் கடமை என்று 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 17வது பிரிவு சொல்கிறது. கேட்டுப் பாருங்கள், "தேடிப் பார்க்கிறோம் சார்" என்பார்கள். இருபது வருடம் இ.எம்.ஐ. கட்டுகிறவர் தன் வீட்டில் பீம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஏன் நாயாய் அலைய வேண்டும்? அசோசியேஷன் மூலம் எழுத்தில் கேளுங்கள், விடாதீர்கள்.

சுவரை எடுத்ததும் மேலே பீம் துருத்தும். "ரெண்டு அங்குலம் செதுக்கி மட்டமாக்கித் தரேன்" என்று காண்ட்ராக்டர் சொல்வார். அந்த அடிப்பாகத்தில்தான் பாரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி இருக்கிறது. செதுக்கினால் பீமே போச்சு. அவர் கூட்டிவரும் இன்ஜினியரின் கையெழுத்தும் வேண்டாம். நீங்களே பீஸ் கொடுத்து ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை அழைத்து, எழுத்தில் வாங்குங்கள். இடித்த கல்லை ஹாலில் மலைபோல் குவிக்கவும் விடாதீர்கள், அன்றன்றைக்கே கீழே இறக்கச் சொல்லுங்கள்.